படிக்குக் கைப்பிடி கேட்டால் குற்றமா?

போன மாதம் சம்பளத் தகராறு ஒன்றை விசாரிக்க ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தோம். கிராணியைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், "ஐயா, எங்க அம்மாவையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க" என்று ஒரு தம்பி நம்மை அழைத்துப் போனார்.

தூண் மேல் கட்டிய பழைய பலகை வீடு. ஆறு படி. அம்மா ஆசோவில் படுத்திருக்கவில்லை. கட்டிலில், இடுப்பில் இரும்புத் தகட்டோடு கிடந்தார். நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய உடம்பு. விடியற்காலையில், பெரட்டுக்குப் புறப்பட்ட மகன் மறந்துவிட்டுப்போன தேத்தண்ணி போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். இரவு பெய்த மழையில் படி வழுக்கிவிட்டது.

"விழும்போது கையை வீசினேங்கய்யா. புடிக்க ஒண்ணும் அகப்படல" என்றார்.

அந்தப் படிக்கு ஒரு காலத்தில் மரக் கைப்பிடி இருந்ததாம். கரையான் அரித்து விழுந்துவிட்டது. மண்டோரிடம் இரண்டு தடவை சொன்னார்கள், ஆபீசிலும் சொன்னார்கள். "வீட்டையே இடிக்கப் போறோம், கைப்பிடி எதுக்கு?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு நாலு வயதாகிறது. வீடு இன்னும் நிற்கிறது, அதில் ஆளும் குடியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், "எல்லாம் சனி பார்வை" என்றார். கரையான் தின்ற கட்டைக்கும் சனி பகவானுக்கும் என்ன சம்பந்தம்? நம் ஜனங்கள் இப்படிப் பேசிப் பேசியே நிர்வாகத்தின் வேலையைச் சுலபமாக்கி விடுகிறார்கள்.

தோழர்களே, தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. 446ஆம் சட்டம் என்பார்கள். 2019இல் அதைத் திருத்தவும் செய்தார்கள். முதலாளி கொடுக்கும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. அது தர்மம் அல்ல. நாளை இடிக்கப்போகிற வீடானாலும் இன்று அதில் ஆள் இருந்தால் படி படியாக இருக்க வேண்டும்.

கைப்பிடிக்கு அளவும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, நாலு படிக்குக் குறைந்தால்தான் கைப்பிடி இல்லாமல் விடலாம். அதற்கு மேல் போனால் ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும். உயரம் படியின் விளிம்பிலிருந்து 825 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 900க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதாவது 3 அடிக்குச் சற்றுக் குறைவு. "உங்க வீடு அந்த விதிக்கு முந்தி கட்டினது" என்று ஆபீசில் சொல்லக்கூடும். சொல்லட்டும். இருந்த கைப்பிடி விழுந்துபோனால் திரும்பப் போடுவது ரிப்பேர் வேலைதானே?

பேருக்கு ஒரு கம்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு முழு ஆள் சாய்ந்து தொங்கினாலும் அது அசையக்கூடாது. கை சுற்றிப் பிடிக்கிற பருமனில் இருக்க வேண்டும். கடைசிப் படி வரைக்கும் வர வேண்டும். இருட்டில் ஆள் தவறுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில்தான்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கும் இதே கதைதான். லிப்ட் இல்லாத ஐந்து மாடி வீடுகளில் படிக்கட்டுக் கம்பி துருப்பிடித்து ஆடுகிறது. அது எந்த வீட்டுக்காரருக்கும் சொந்தமில்லை, பொதுச் சொத்து. மாதாமாதம் பராமரிப்புப் பணம் வாங்கும் நிர்வாகக் குழுதான் அதைச் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நகராண்மைக் கழகத்தில் கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். மாடித் தாழ்வாரத்துத் தடுப்புக் கம்பிகளையும் பாருங்கள். 10 சென்டிமீட்டர் பந்து நுழைகிற இடைவெளி இருக்கக்கூடாது என்பது சிங்கப்பூரில் உள்ள விதி. நம் பிள்ளைகளுக்கும் அதே உடம்புதான். கம்பி ஓரத்தில் நாற்காலி, பூச்சட்டி, பழைய பெட்டி எதையும் போட்டு வைக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி.

இன்னொன்று. வீட்டு வேலையில் அடிபடும் இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து சொக்சோ பாதுகாப்பு உண்டு. வயது 55க்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 120 வெள்ளி. அம்மாவுக்கு வயது கடந்துவிட்டது. மருமகளுக்கு அன்றே பதியச் சொல்லிவிட்டு வந்தோம்.

வாயால் சொன்னதை ஆபீசில் மறந்துவிடுவார்கள். ஆகையால் தேதி போட்டு எழுதி, நகல் வைத்துக்கொண்டோம். இன்னொரு நகல் தொழிலாளர் இலாகாவுக்குப் போயிற்று. பத்தாம் நாள் லோரியில் இரும்புக் குழாய் வந்து இறங்கியது. அம்மாவிடம் போய்ச் சொன்னோம். "நல்லா இருக்கட்டும்யா. பேரப்புள்ளைங்க ஏறி இறங்கும்" என்றார்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் லயத்தில் இன்னும் ஆறு வீட்டுக்குப் போடவில்லை. அதற்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம்.