இ-செலான்
இ-செலான் என்பது இந்தியாவில் போக்குவரத்து விதிமீறலுக்காக மின்னணு முறையில் வழங்கப்படும் அபராத அறிவிப்பு ஆகும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். தருமபுரி மாவட்டத்தின் அரூரில் வழங்கப்பட்ட செலானையும் வாகனப் பதிவெண் முதலிய விவரங்களைக் கொண்டு நடுவண் அரசின் பரிவாகன் தளத்தில் தேடலாம்.

சட்டத்தின் 200ஆம் பிரிவின்படி இணக்கக் கட்டணம் செலுத்தினால் அவ்வழக்கு முடிவுறும். தமிழ்நாட்டில் 2022இல் திருத்தப்பட்ட கட்டணப்படி, தலைக்கவசமின்றி இருசக்கர வாகனம் ஓட்டுவோர் 1000 ரூபாய் செலுத்த வேண்டும்.

குற்றத்தை ஏற்காதவர் அதை மறுக்கலாம். மெய்நிகர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட வழக்கை இணையத்திலேயே மறுக்கலாம்; பின்னர் அது வழக்கமான நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். ஒளிப்படக்கருவி வழிச் செலான் பதிவு பெற்ற உரிமையாளருக்கே செல்லும். எனவே வாகனத்தை விற்றவர் பதிவையும் மாற்றியிருத்தல் இன்றியமையாதது.