தொட்டியில் ஒரு நீராரை

வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் நான்கு சிற்றிலைகளோடு படரும் ஒரு சிறு செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை நீராரை என்றும் ஆரைக்கீரை என்றும் வழங்குவர். நெல் வயலில் அது களை. உழவர் பிடுங்கி எறிவர். அதனை வீட்டுத் தொட்டியில் வளர்த்து நான் அறிந்ததையே இங்குக் கூற விழைகின்றேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். புளியாரைக்குச் சிற்றிலைகள் மூன்று. அது மஞ்சள் நிறத்தில் பூக்கும். நீராரைக்கு நான்கு, அது ஒருபொழுதும் பூப்பதில்லை. ஏன்? அது பெரணி இனத்தைச் சேர்ந்தது. தாவர நூலார் அதனை மார்சீலியா என்பர். இளந்தளிர் சுருண்டு தோன்றிப் பின் விரிவதே அதன் குலத்தைக் காட்டிவிடும். இரவில் நான்கு சிற்றிலைகளும் கைகூப்பியதுபோல் மடங்கிக்கொள்ளும்.

வளர்ப்பது எளிது. அகன்ற வாயுடைய மண்தொட்டியில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்குக் களிமண் கலந்த வண்டலை இட்டு, வேருடன் கூடிய தண்டுத்துண்டு ஒன்றைப் பதித்து, மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்துங்கள். நல்ல வெயில் வேண்டும். நீர் மிகுந்தால் இலைகள் மிதக்கும். குறைந்தால் நிமிர்ந்து நிற்கும். கொசு பெருகாதிருக்கச் சிறு மீன்கள் இரண்டை விடுங்கள்.

ஒரு கோடையில் நான் வெளியூர் சென்றிருந்தேன். திரும்பி வந்தபோது தொட்டி வறண்டு, மண் வெடித்து, இலைகள் சருகாகியிருந்தன. மீன்களும் மாண்டிருந்தன, அது என் பிழை. மண்ணைக் கொட்டிவிட முனைந்தேன். "கோடையில் வயல் காய்கிறதே, ஆரை அழிந்தா போகிறது?" என்றார் என் தாயார்.

கிளறிப் பார்த்தேன். தண்டின் அடியில் மிளகினும் சிறிய, கடினமான கரிய காய்கள் இருந்தன. அவை கனிகள் அல்ல. இனம்பெருக்கும் ஸ்போர்களைக் காக்கும் உறைகள். பல பத்தாண்டுகள் உலர்ந்து கிடந்தாலும் அவற்றினுள் உயிர் நிலைத்திருக்கும். ஒன்றன் ஓட்டைச் சிறிது கீறி நீரிலிட்டேன். சற்று நேரத்தில் பசைபோன்ற இழையொன்று ஸ்போர்களைச் சுமந்து வெளிவந்தது! நாட்கள் சில சென்றதும் நீரில் பசுமை அரும்பிற்று.

மாணவ நண்பர்களே! இன்று வாய்க்கால்கள் தூர்கின்றன, களைக்கொல்லியும் பரவிவிட்டது. காய்ந்த நிலத்தில் காத்திருக்க அறிந்த இச்செடிக்கு, மீண்டும் நீர் வரும் இடம் ஒன்று வேண்டும். உங்கள் முற்றத்துத் தொட்டி அதுவாகட்டும்.