பங்ஸ்கோல்: கம்போடியாவுக்கான இரங்கலிசை

பங்ஸ்கோல் என்பது கம்போடிய இசையமைப்பாளர் ஹிம் சோஃபி இயற்றிய தற்கால செவ்வியல் இசைப் படைப்பு ஆகும். கெமர் ரூச் ஆட்சியில் (1975–1979) மாண்டவர்களின் நினைவாக இது உருவாக்கப்பட்டது. மேலை நாட்டு அறை இசைக்குழு, சேர்ந்திசைக் குழு ஆகியவற்றுடன் கெமர் மரபுப் பாடகர்களும் இசைக்கருவிகளும் இதில் இணைகின்றன.

பெயர்

பாளி மொழியில் 'பம்சுகூலம்' என்பது புழுதிக் குவியலில் அல்லது சுடுகாட்டில் எறியப்பட்ட துணியைக் குறிக்கும். பழங்காலத்தில் பிக்குகள் அத்துணியையே ஆடையாக்கி உடுத்தனர். கம்போடியாவில் இச்சொல் 'பங்ஸ்கோல்' எனத் திரிந்து, இறுதிச் சடங்கு ஒன்றின் பெயராயிற்று. இறந்தவர் மீது போர்த்திய வெண்துணியைப் பிக்குகள் நிலையாமை குறித்த பாளிப் பாடல்களை ஓதி எடுப்பர்.

கெமர் ரூச் ஆட்சியில் பௌத்தம் ஒடுக்கப்பட்டது. பிக்குகள் துவராடை களையும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். ஏறத்தாழ 17 முதல் 20 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களுள் பலர் எச்சடங்கும் இன்றிப் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டனர். அன்று நடைபெறாத சடங்கையே இப்படைப்பு மேடையில் நிகழ்த்துகிறது. எனவே இதனை வெறும் இசைக்கலப்பு முயற்சியாகக் கொள்வது பொருந்தாது.

இசையமைப்பாளர்

1963 இல் பிறந்த ஹிம் சோஃபி சிறுவயதில் நோம் பென் நகரில் பியானோ கற்றார். கெமர் ரூச் ஆட்சி அக்கல்வியைத் தடுத்தது. அவ்வாட்சி வீழ்ந்தபின் படிப்பைத் தொடர்ந்த அவர், 1985 முதல் 1998 வரை மாஸ்கோவில் இசை பயின்றார்.

இசையமைப்பு

'ரெக்குவியம்' என்பது இறந்தோருக்கான கத்தோலிக்கத் திருப்பலியிலிருந்து வளர்ந்த மேலை இசை வடிவம். இங்கு இலத்தீன் பாடல்களின் இடத்தைப் பாளி, கெமர் மொழிப் பௌத்தப் பாடல்கள் பெறுகின்றன. பாடல் நூலைத் தொகுத்தவர் டிரென்ட் வாக்கர். துயர நிகழ்வுகளில் மிக மெதுவாக, குரலை அசைத்துப் பாடும் 'ஸ்மோட்' என்னும் கெமர் ஓதுமுறையும் இடம்பெறுகிறது.

இரு மரபுகளை இணைப்பது எளிதன்று. பியானோவில் ஓர் எண்மம் பன்னிரண்டு சமபாகங்களாகப் பிரிக்கப்படும். கெமர் மரபுக் கருவியான ரொனியட்டில் ஏழு சுரங்கள் ஏறத்தாழச் சம இடைவெளியில் அமையும். ஆதலால் இரண்டையும் ஒருங்கே ஒலித்தால் சில சுரங்கள் பொருந்தா.

அரங்கேற்றம்

2017 அக்டோபரில் மெல்பேர்ண் விழாவில் இது முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நியூயோர்க்கிலும், 2018 இல் பாரிசிலும் நிகழ்ந்தது. ஆவணப்படப் பகுதிகளை அமைத்த இயக்குநர் ரித்தி பான், கெமர் ரூச் காலத்தில் தம் குடும்பத்தினரை இழந்தவர்.

காரைக்கால் தொடர்பு

சுடுகாட்டையும் இசையையும் ஒருங்கே நினைக்கும் தமிழருக்குக் காரைக்கால் அம்மையார் நினைவில் வருவது இயல்பு. சுடுகாட்டில் ஆடும் இறைவனைப் பாடிய அவரது திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் தேவாரத்துக்கு முற்பட்டவை. அவை நட்டபாடை, இந்தளம் ஆகிய பண்களில் அமைந்தவை. கம்போடியாவில் கி.பி. 967 இல் எழுப்பப்பட்ட பன்டே ஸ்ரேய் கோயிலின் சிற்பமொன்றில், ஆடும் சிவனருகே மெலிந்த பெண்ணுருவம் அமர்ந்துள்ளது. அது அம்மையாரே என அறிஞர் கருதுகின்றனர். சைவ அம்மையாரின் பாடல்களுக்கும் இப்பௌத்தப் படைப்புக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. எனினும், காரைக்காலில் பிறந்தவரின் உருவம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கெமர் மண்ணை அடைந்திருந்தது.