உங்களுக்குத் தெரியுமா? பந்தை முந்தும் கண்

● சேப்பாக்கத்தில் மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் பந்து பேட்ஸ்மேனை எட்ட ஏறக்குறைய அரை நொடிதான் ஆகும். கண்ணில் பட்டதற்குக் கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி போய்விடும். மட்டையைச் சுழற்றவும் நேரம் வேண்டும். நின்று யோசிக்க அவகாசமே கிடையாது.

● பிறகு எப்படி அடிக்கிறார்கள்? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் பேட்ஸ்மேன்களின் தலையில் கேமரா பொருத்திப் பார்த்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்கள் பந்தை வழிநெடுகத் தொடர்வதில்லை. பந்து கையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்ததும், அது பிட்ச் ஆகப்போகும் இடத்துக்குத் தாவி முன்கூட்டியே காத்திருக்கின்றன. தேர்ந்த ஆட்டக்காரரின் கண் இன்னும் சீக்கிரம் தாவுகிறது.

● இந்தக் கணிப்பை ஏமாற்றுவதுதான் சுழற்பந்தின் வித்தை. மேற்கு மாம்பலம் ராமகிருஷ்ணாபுரத்துத் தெருவில் ஆடி வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வினின் 'கேரம் பால்', சென்னை டென்னிஸ் பந்து ஆட்டக்காரர்களுக்குச் 'சொடக்கு பால்'. நடுவிரலால் கேரம் காயைச் சுண்டுவதுபோல் சுண்டிவிடுவார். விரலைப் படிக்கத் தவறினால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது பிடிபடாது. அஸ்வின் எடுத்த டெஸ்ட் விக்கெட்டுகள் 537.

● வயது ஏற ஏற எதிர்வினை வேகம் மெல்லக் குறையும். ஆனால் சென்னையின் சரத் கமல், காமன்வெல்த் போட்டியில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கத்தை 2006-ல் மெல்போர்னில் வென்றார். 16 ஆண்டுகள் கழித்து, 40 வயதில், பர்மிங்காமில் மீண்டும் வென்றார். மேஜையின் நீளம் வெறும் 2.74 மீட்டர். எதிராளியின் தோளையும் மணிக்கட்டையும் படிக்கும் அனுபவம் அங்கே பெரிய பலம்.

● முழங்காலுக்குக் கீழே டாக்டர் தட்டியதும் கால் துள்ளுகிறதே, அது மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. தண்டுவடத்தோடு வேலை முடிந்துவிடும். இந்த வகை அனிச்சையைக்கூடப் பயிற்சி மாற்றுகிறது. டென்மார்க்கின் ராயல் பாலே நடனக் கலைஞர்களின் கெண்டைக்கால் தசையில் இதை அளந்தார்கள். பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களைவிடக் குறைவாக இருந்ததாக 1993-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அனிச்சையைக் கட்டுக்குள் வைப்பதும் உடல் கற்கும் திறமைதான்.

● ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து 0.1 நொடி ஆகுமுன் புறப்பட்டால் 'ஃபால்ஸ் ஸ்டார்ட்'. சத்தம் கேட்டு அதைவிட வேகமாகக் கிளம்ப மனிதரால் முடியாது என்ற கணக்கில் வைத்த விதி அது.

● வீட்டிலேயே சோதிக்கலாம். 30 செ.மீ. ஸ்கேலை ஒருவர் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழ்முனையில், 0 குறியருகே, தொடாமல் உங்கள் விரல்களை விரித்து வையுங்கள். சொல்லாமல் அவர் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ.-ல் பிடித்தால் 0.2 நொடி, 15 செ.மீ. என்றால் சுமார் 0.17. இதில் சாம்பியனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் மைதானத்தில்தான், ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்த கண்ணுக்குத்தான் அடுத்தது தெரியும்.

● அந்தக் கண் ஆடி ஆடித்தான் வரும். தி.நகர் சோமசுந்தரம் மைதானமோ, மெரினா மணலோ, மயிலாப்பூர்ச் சந்தோ, எங்கே இடம் கிடைத்தாலும் மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விளையாட விடுங்கள். டியூஷன் அதற்குப் பிறகு இருக்கட்டும்.