பழைய புல்லட்டின் ‘டிக் டிக்’ எங்கிருந்து வருகிறது?
ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் போகும் வழியில் பழைய இரும்பு பேரல் புல்லட் ‘டிக் டிக்’ என்றால், உடனே ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதோடு சேருங்கள். ராக்கர் பக்கம் கூர்மையாகத் தட்டினால் டேப்பட் இடைவெளி கூடியிருக்கலாம். ஆறிய இன்ஜினில் கனமாகத் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டனைச் சந்தேகியுங்கள்.

டேப்பட் என்றால் இன்ஜின் முழுக்க ஆறட்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்க டேப்பட் மூடியைத் திறந்து சரிசெய்யுங்கள். புஷ்ராடு விரலில் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

சத்தத்துக்குப் பயந்து அதிகம் இறுக்குவதுதான் பெரிய கேடு. வால்வு முழுதாக மூடாது. அதன் சூடு வால்வு சீட்டுக்குள் இறங்காது. எக்ஸாஸ்ட் வால்வு கருகும். சரிசெய்த பிறகும் தட்டினால், ராக்கர் பேரிங்கின் தேய்மானத்தைப் பாருங்கள்.