சம்பளத்தில் பிடிக்கும் 90 ரூபாய்

விடியற்காலையில் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் நின்று பார்த்தால் தெரியும். ஊர் எழுந்திருக்கும் முன்பே நம் பெண்கள் துடைப்பத்தோடு வேலையைத் தொடங்கியிருப்பார்கள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. முதல் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதில் நமக்குப் பெருமைதான். ஆனால் தெருவைக் கூட்டும் கைகளும் பெரும்பாலும் அதே மக்களுடைய கைகள்தான். அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்ததாரர். மெப்ஸ் வளாகத்துக்குத் தையல் வேலைக்குப் போகிறவர்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் துப்புரவும் காவலும் பார்க்கிறவர்கள் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

"இ.எஸ்.ஐ. இருக்கிறதா?" என்று கேட்டால், "ஏதோ பிடிக்கிறாங்க" என்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் பதில். அந்த 'ஏதோ' என்ன என்று தெரியாததால் நாம் இழப்பது கொஞ்சமல்ல.

எவ்வளவு பிடிக்கலாம்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் நம்மிடம் பிடிக்க வேண்டியது 90 ரூபாய். நிறுவனம் தன் கையிலிருந்து போட வேண்டியது 390 ரூபாய். இரண்டையும் சேர்த்து 480 ரூபாயை நம் சம்பளத்திலேயே கழித்தால் அது சட்டவிரோதம். சம்பளச் சீட்டு கேட்டு வாங்கினால்தான் இது தெரியவரும்.

ஆஸ்பத்திரி மட்டும் அல்ல

கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் நமக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு என்பது பலருக்குத் தெரியும். படுத்துவிட்டால் சம்பளத்துக்கு ஈடாகப் பணமும் உண்டு என்பது தெரியாது. நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் இந்தக் கணக்கே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும், குணமாகும் வரை 90 சதவீதம் உண்டு. வேலை விபத்தில் இறந்தால் மனைவி, குழந்தைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

இருட்டில் பைக்கில் வேலைக்குப் போகிற நம் ஆட்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகவே கருதும்படி 2010-இல் சட்டம் திருத்தப்பட்டது. "ரோட்டில்தானே விழுந்தாய், எங்களுக்கு என்ன?" என்று சொல்லி யாரும் கைகழுவ முடியாது.

வருங்கால வைப்பு நிதியிலும் ஒரு காப்பீடு இருக்கிறது. உறுப்பினர் பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்குத் தொழிலாளி ஒரு பைசாகூடக் கட்ட வேண்டியதில்லை. வாரிசுதாரர் பெயர் பதிவாகாததால் அலைகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

காண்டிராக்டர் மாறும்போது

சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்ததாரர் மாறுவார், நாம் அதே தெருவில் அதே வேலையைச் செய்வோம். புதியவர் புது இ.எஸ்.ஐ. எண் போட்டுவிட்டால், பழைய சந்தா நாட்கள் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். 78 நாள் கணக்கு உடையும். பேறுகாலப் பணத்துக்கும் இதே ஆபத்து. ஆயுளுக்கும் ஒரே எண்தான். வேலைக்குச் சேரும்போதே பழைய எண்ணைக் கொடுத்து, அதிலேயே தொடரச் சொல்ல வேண்டும்.

ஒப்பந்ததாரர் சந்தா கட்டவில்லை என்றால், வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளிக்கே அந்தப் பொறுப்பு. "அது காண்டிராக்டர் சமாச்சாரம்" என்ற பதிலை நாம் ஏற்க வேண்டியதில்லை.

இன்றே செய்ய வேண்டியது

இ.எஸ்.ஐ. எண்ணையும் வைப்பு நிதி எண்ணையும் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியும்படி எழுதி வையுங்கள். குடும்பத்தார் பெயர்கள், ஆதார், வங்கிக் கணக்கு சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்பதை உமாங் செயலியில் பார்க்கலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஐந்து நிமிட வேலை. அடிபட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். வைப்பு நிதிக்குத் தாம்பரத்திலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்கினால் நாலு பேராகப் போங்கள்.

இந்தத் திட்டத்தின் வேர் எங்கே என்பதையும் நினைவில் வைப்போம். தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிய பேராசிரியர் அடார்க்கரின் அறிக்கை 1944-இல் அரசிடம் வந்தபோது, வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. நம் சம்பளத்தில் பிடிக்கும் 90 ரூபாய் யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. நாம் கட்டிய பணம் அது. கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு.