அமெரிக்க அரசு முடக்கமும் ஊழியர்களின் பண நெருக்கடியும்

அரசு முடக்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் செலவு ஒதுக்கீட்டுச் சட்டம் உரிய நாளில் நிறைவேறாததால் நடுவண் அரசின் பணிகள் பல நின்றுபோவதைக் குறிக்கும். ஒதுக்காத பணத்தை எந்தத் துறையும் செலவிடக் கூடாது என்ற விதி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ளது. ஆனால் பணம் ஒதுக்கப்படாவிட்டால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கண்டிப்பு, 1980இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி அளித்த சட்டக் கருத்துக்குப் பின்னரே வந்தது.

மெக்சிகோ எல்லைச் சுவருக்கான நிதி குறித்த பிணக்கால் 2018 டிசம்பர் 22 முதல் 2019 சனவரி 25 வரையிலான முடக்கம் 35 நாட்கள் நீடித்தது. ஏறத்தாழ 8 இலட்சம் ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர். இவர்களுள் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் இன்றியமையாப் பணியினர் என்பதால் சம்பளமின்றியே வேலைக்கு வர வேண்டியிருந்தது. இரண்டாம் வகையினரின் நிலையே கடினமானது. வீட்டில் இருப்பவர் வேறு சில்லறை வேலை தேடலாம், மாநில அரசிடம் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம் (நிலுவைச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும்). வேலைக்கு வருபவருக்கு அதற்கும் வழியில்லை. பேருந்துக் கட்டணம், பெட்ரோல், குழந்தைக் காப்பகச் செலவு மட்டும் நிற்காது.

அங்கே சம்பளம் இரு வாரங்களுக்கு ஒருமுறை வரும். டிசம்பர் இறுதியில் வந்த சம்பளம் முன்னரே செய்த வேலைக்கானது. எனவே அடி விழுந்தது சனவரி 11 அன்றுதான். பலருடைய சம்பளச் சீட்டில் சுழியமே இருந்தது. கடலோரக் காவல் படையினருக்குச் சனவரி 15 அன்று வர வேண்டிய சம்பளம் வரவில்லை. திடீரென 400 டாலர் செலவு வந்தால் அமெரிக்கர்களில் பத்தில் நால்வர் கடன் வாங்காமலோ எதையாவது விற்காமலோ சமாளிக்க முடியாது என்று அந்நாட்டு மைய வங்கியின் 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருந்தது. நிலையான அரசு வேலை என்பதை நம்பி வீட்டுக்கடன் எடுத்தவர்களும் இலவச உணவு வரிசைகளில் நின்றனர். அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகமோ, வாடகைக்குப் பதிலாக வண்ணம் பூசுதல், தச்சு போன்ற வேலைகளைச் செய்து தருவதாக வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்று மாதிரிக் கடிதம் வெளியிட்டுக் கேலிக்கு ஆளானது.

நடுவண் ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். 1981இல் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரேகன் பணிநீக்கியது எவருக்கும் மறக்கவில்லை. ஆயினும் 2019 சனவரியில் விடுப்பெடுத்த விமான நிலையப் பாதுகாப்பு ஊழியர்கள் நாளுக்கு நாள் கூடினர். சனவரி 25 அன்று கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையால் நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன. அன்றே முடக்கம் முடிந்தது.

முடக்கக் காலச் சம்பளத்தைப் பின்னர் கட்டாயம் வழங்க வேண்டும் என்ற சட்டம் 2019 சனவரி 16 அன்று ஒப்பமிடப்பட்டது. இருந்தும் 2025இல் 43 நாட்கள் நீண்ட முடக்கத்தின்போது அந்த உறுதி எல்லோருக்கும் தானாகப் பொருந்துமா என்று வெள்ளை மாளிகைத் தரப்பிலேயே ஐயம் கிளப்பப்பட்டது. முடக்கத்தை முடித்த சட்டத்தில் அதை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. அரசு அலுவலகங்களில் துப்புரவு, காவல், சிற்றுண்டிச்சாலை வேலைகளைச் செய்யும் ஒப்பந்தப் பணியாளர்களை இந்த உறுதி இருமுறையும் சேர்க்கவில்லை. அவர்கள் இழந்த வாரக்கூலி திரும்ப வரவில்லை.